எந்தப் பலகை நல்ல பலகை?

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை. மலர்க் குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இந்தப் பள்ளி மேடையில் நான் ஏறுவது இது இரண்டாவது முறை. 1995-ஆம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவியாக, கணக்குப் பாடத்துக்கு ஓர் அகராதியைப் பரிசாக வாங்க ஏறினேன். அன்று பேசிய பெரியவர் என்ன பேசினார் என்று எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவில்லை. என் கண்ணெல்லாம் பரிசு மேசை மேலேயே இருந்தது. ஆகவே இன்று பிள்ளைகள் பரிசுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒரு காதை மட்டும் எனக்குக் கொடுத்தால் போதும்.

'கல்வியின் சிறப்பு' என்று பொதுவாக ஏதாவது பேசிவிட்டு இறங்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் போன வாரம் நம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துப் பொருளாளர் ஒரு கேள்வியோடு என்னைப் பிடித்துக்கொண்டார். "கேண்டீன் டேயில நாசி லெமாக்கும் வடையும் வித்து ஆயிரத்து இருநூறு வெள்ளி சேர்த்திருக்கோம்மா. பிள்ளைங்க எலெக்ட்ரோனிக் சாமான் செஞ்சு பழகுறதுக்கு போர்டு வாங்கணும்னு டீச்சர் சொல்றாங்க. கடையில கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றான். எதும்மா நல்ல போர்டு?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சின்னக் கேள்வி அல்ல. அந்த ஆயிரத்து இருநூறு வெள்ளி, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தேங்காய் துருவிய கைகளின் காசு. அது அலமாரியில் பூட்டிக் கிடக்கும் சாமானாக ஆகிவிடக் கூடாது. ஆகவே இன்று அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன். அதற்கு முன் என் அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை.

அம்மா தைத்த தங்கக் கம்பி

1979-ஆம் ஆண்டு அம்மாவுக்குப் பதினேழு வயது. விடியற்காலை நாலரை மணிக்குத் தோட்டத்து முச்சந்தியில் பேக்டரி பஸ் வந்து நிற்குமாம். பெரட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், பஸ் ஏறும் பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். பட்டர்வொர்த் போய், ஃபெரியில் கடலைத் தாண்டி, பாயான் லெப்பாஸ் போய்ச் சேர வேண்டும். பினாங்குப் பாலம் 1985-ல்தான் திறக்கப்பட்டது. 1972 முதல் அந்த வட்டாரத்தில் வெளிநாட்டு எலெக்ட்ரோனிக் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்தன. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்கள் சிலரும் போயிருப்பீர்கள்.

அம்மாவின் வேலை மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டே செய்வது. நகக்கண் அளவுள்ள சில்லிலிருந்து உலோகக் கால்களுக்கு, தலைமயிரை விட மெல்லிய தங்கக் கம்பியை இணைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் என்று கணக்கில்லை. கண் எரிச்சலோடு வீட்டுக்கு வருவார். சின்ன வயதில் நான் ஒரு நாள் கேட்டேன்: "அம்மா, அந்தச் சில்லு என்னா செய்யும்?" அம்மா சொன்னார்: "யாருக்குக் கண்ணு தெரியும்? நமக்கு எண்ணிக்கை சரியா இருந்தா போதும்னு சொல்லிட்டாங்க."

அந்தப் பதில் என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கை நம்முடையது, கண் நம்முடையது. அந்தப் பொருள் என்ன செய்யும் என்ற அறிவு மட்டும் நமக்கு இல்லையா? நான் எலெக்ட்ரோனிக் படிக்கப் போனதற்கு அந்த ஒரு பதில்தான் காரணம்.

அந்தச் சில்லு என்னதான் செய்யும்?

இன்று நாம் பேசப் போகும் சில்லுக்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். தமிழில் நுண்கட்டுப்படுத்தி என்கிறோம். 1970-களின் நடுவில் கடைக்கு வந்த பொருள் இது. இன்று நம் வீட்டுச் சலவை இயந்திரத்தில் இருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கிறது, டிவி ரிமோட்டில் இருக்கிறது, மோட்டார் சைக்கிளில்கூட இருக்கிறது.

கம்ப்யூட்டருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கம்ப்யூட்டர் நம் ஆபீஸ் கிராணி மாதிரி. கணக்கும் எழுதுவார், கடிதமும் எழுதுவார், போனும் பேசுவார். மைக்ரோகண்ட்ரோலர் கேட்டில் உட்கார்ந்திருக்கும் ஜாகாக்காரர் மாதிரி. அவருக்கு ஒரே வேலை. 'வண்டி வந்தால் கேட்டைத் திற, போனதும் மூடு.' அதை இரவும் பகலும் அலுக்காமல் செய்வார்.

அந்த வேலையை மூன்று சொல்லில் அடக்கலாம்: உணர்தல், முடிவெடுத்தல், செய்தல். வெளிச்சம், ஈரம், சூடு, ஆட்டம், தொடுதல் இவற்றை உணரும். நாம் எழுதிக் கொடுத்த கட்டளைப்படி முடிவெடுக்கும். விளக்கை எரிக்கும், மணியை அடிக்கும், மோட்டாரைச் சுற்றும்.

வெறும் சில்லைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மின்சாரம் வேண்டும், கம்ப்யூட்டரோடு இணைக்கும் வாய் வேண்டும், கம்பி மாட்ட இடம் வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரு சின்னப் பலகையில் பொருத்திக் கொடுப்பதைத்தான் போர்டு என்கிறார்கள். கடையில் நூறு வகை இருக்கும். நம் பிள்ளைகளுக்கு நான்கு வகை போதும். அந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: மைக்ரோபிட்

பிரிட்டனின் பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனம் பல நிறுவனங்களோடு சேர்ந்து செய்த பலகை இது. 2016-ல் அந்த நாட்டில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் பலகைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். ஆக, இது பிறந்ததே பள்ளிக்கூடத்துக்காகத்தான்.

அளவு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டருக்கு நான்கு. முகத்தில் வரிசைக்கு ஐந்தாக இருபத்தைந்து சின்னச் சிவப்பு விளக்குகள், இரண்டு பொத்தான்கள். உள்ளே அசைவை அறியும் உணரி, திசைகாட்டி, இன்னொரு மைக்ரோபிட்டோடு கம்பியில்லாமல் பேசும் ரேடியோ. 2020-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒலிபெருக்கியும் மைக்கும் சேர்ந்துவிட்டன. இரண்டு சின்ன பேட்டரி போதும். கட்டளை எழுத ஆங்கில இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளைக் கம்ப்யூட்டர் திரையில் இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் கட்டளை ஆகிவிடும்.

இதை வைத்து என்ன செய்யலாம்? ஓர் உதாரணம் சொல்கிறேன். வீட்டில் பாட்டி கைத்தடி ஊன்றி நடக்கிறார். கைத்தடியில் ஒரு மைக்ரோபிட்டைக் கட்டுங்கள். குசினியில் இன்னொன்றை வையுங்கள். கைத்தடி சாய்ந்து விழுந்தால் முதல் பலகை உணரும், ரேடியோவில் சொல்லும், குசினியில் இருக்கும் பலகை கத்தும். அம்மா ஓடிவந்து பார்ப்பார். வேறு எந்த உணரியும் வாங்கத் தேவையில்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை இரண்டு பிற்பகலில் செய்துவிடும்.

குறை என்ன? இருபத்தைந்து விளக்கில் ஆங்கில எழுத்து ஓடும். தமிழில் ட, ப போன்ற எழுத்துகளை வரையலாம். 'ஞா' என்று எழுதச் சொன்னால் அது தலையைச் சொறியும். கம்பி மாட்ட வசதியாக இருக்கும் பெரிய துளைகளில் உணரிக்கென்று இருப்பவை மூன்று மட்டுமே. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியாக ஒரு இணைப்புப் பலகை வாங்க வேண்டும்.

இரண்டாவது: ஆர்டுயினோ ஊனோ

இத்தாலியில் இவ்ரியா என்றொரு சிறுநகரம். அங்கிருந்த வடிவமைப்புக் கல்லூரியில் 2005-ல் மாசிமோ பான்சி முதலிய ஆசிரியர்களும் நண்பர்களும் சேர்ந்து, எலெக்ட்ரோனிக் படிக்காத மாணவர்களும் பயன்படுத்தும்படி மலிவான ஒரு பலகை செய்தார்கள். அந்த ஊரில் அவர்கள் கூடிப் பேசிய ஒரு கடையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதுதான் ஆர்டுயினோ. 2010-ல் வந்த பலகைக்கு ஊனோ என்று பெயர். இத்தாலிய மொழியில் ஊனோ என்றால் ஒன்று.

இதன் வரைபடத்தை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை, உலகத்துக்கே திறந்து கொடுத்துவிட்டார்கள். அதனால் பலரும் இதே மாதிரிப் பலகையைக் குறைந்த விலைக்குச் செய்கிறார்கள். நம் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் சைட்ரோன் நிறுவனமும் மேக்கர் ஊனோ என்று ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே செய்கிறது. அதில் விளக்குகளும் ஒரு சின்ன ஒலிப்பானும் பலகையிலேயே இருக்கின்றன. என் அம்மா கம்பி தைத்த அதே மாநிலத்தில் இன்று நம் நாட்டவர் சொந்தமாகப் பலகை வடிவமைக்கிறார்கள் என்பதை இந்த இடத்தில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஊனோவில் பதினான்கு கால்கள் ஆம் - இல்லை என்று பேசும். ஆறு கால்கள் 'எவ்வளவு' என்று அளந்து சொல்லும். மண்ணில் ஈரம் எவ்வளவு என்று கேட்டால் 0 முதல் 1023 வரை ஓர் எண்ணைத் தரும். 5 வோல்ட்டில் வேலை செய்வதால் கடையில் கிடைக்கும் பழைய உணரிகளில் பெரும்பாலானவை இதோடு ஒத்துப்போகும். முரட்டுப் பிள்ளையைத் தாங்கும் பலகை இது. பழைய ஊனோவில் சில்லைக் கழற்றி மாற்றக்கூட முடியும். சில்லு கருகினால் சில்லை மட்டும் வாங்கினால் போதும்.

இதற்கு ஓர் உதாரணம் நம் லயத்துத் தண்ணீர்த் தொட்டி. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். தொட்டி நிறைந்து வாசலெல்லாம் வெள்ளம். தொட்டியில் ஒரு மிதவை சுவிட்ச், கீழே ஒரு ஊனோ, ஒரு மணி. தண்ணீர் மேலே வந்தால் மணி அடிக்கும். நாற்றங்காலில் மண் காய்ந்தால் விளக்கு எரியச் செய்வதும் இதே பாடம்தான்.

குறை என்ன? பலகையில் உணரி எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் தனியாக வாங்க வேண்டும். கம்பியில்லாமல் பேசத் தெரியாது. நினைவாற்றலும் குறைவு, இரண்டு கிலோபைட்டுதான். அதாவது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளும். 2023-ல் வந்த நான்காம் பதிப்பில் அது முப்பத்திரண்டாக உயர்ந்திருக்கிறது. ஆனால் சில்லைக் கழற்றும் வசதி அதில் இல்லை.

மூன்றாவது: ராஸ்பெரி பை பிக்கோ

இந்தப் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. ராஸ்பெரி பை என்பது 2012-ல் பிரிட்டனில் வந்த சின்னக் கம்ப்யூட்டர். திரையும் தட்டச்சுப் பலகையும் மாட்டினால் முழுக் கம்ப்யூட்டராகவே வேலை செய்யும். பிக்கோ என்பது அதே குடும்பத்தில் 2021-ல் பிறந்த மைக்ரோகண்ட்ரோலர் பலகை. முன்னது கிராணி, பின்னது ஜாகாக்காரர். கடையில் கேட்கும்போது 'பிக்கோ' என்று அழுத்திச் சொல்லுங்கள்.

வெளிவந்தபோது இதன் விலை நான்கே அமெரிக்க டாலர். நினைவாற்றலோ 264 கிலோபைட், அதாவது பழைய ஊனோவைப் போல் 132 மடங்கு. பைத்தான் என்ற மொழியின் சின்ன வடிவத்தில் இதற்குக் கட்டளை எழுதலாம். எழுதியவுடன் ஓட்டிப் பார்க்கலாம். பெரிய வகுப்புக்குப் போனாலும் பைத்தான் உதவும் என்பதால் இதில் பழகியது வீண்போகாது.

தமிழ்ப்பள்ளிக்கு இது ஏன் முக்கியம் தெரியுமா? கடையில் ஒரு சின்னத் திரை விற்கிறார்கள். குறுக்கே 128 புள்ளி, நெடுக்கே 64 புள்ளி. மொத்தம் 8,192 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று நினைவில் வைக்க 1,024 பைட் வேண்டும். பழைய ஊனோவின் நினைவில் பாதி அதற்கே போய்விடும். பிக்கோவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து பிக்கோவில் சேர்த்து வைக்கலாம். பொத்தானை அழுத்தினால் ஓர் எழுத்து, இன்னொன்றை அழுத்தினால் அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு எழுத்து விளையாட்டு ஒன்று செய்து கொடுக்கலாமே! தங்கள் மொழி தாங்கள் செய்த பொருளில் ஒளிர்வதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

குறை என்ன? இது 3.3 வோல்ட் பலகை. 5 வோல்ட்டைக் காலில் கொடுத்தால் தாங்காது. அளந்து சொல்லும் கால்கள் மூன்றே மூன்று. சாதாரணப் பிக்கோவில் கால்களை நாமே ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டிய கால்களோடு விற்பதைப் பார்த்து வாங்குங்கள்.

நான்காவது: இ.எஸ்.பி. 32

ஷங்ஹாய் நகரத்து எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016-ல் கொண்டுவந்த சில்லு இது. இந்தச் சில்லை வைத்துப் பல நிறுவனங்கள் பலகை செய்கின்றன. இதன் பெரிய பலம் வைஃபை. புளூடூத்தும் உண்டு. நினைவாற்றல் 520 கிலோபைட். வேகத்திலும் இந்த நால்வரில் பெரிய ஆள்.

2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். லயத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து, வீட்டு வைஃபை மூலம் அப்பாவின் கைப்பேசிக்குத் தெரிவிக்கும் கருவியை இதில் செய்யலாம். அரசாங்கம் தரும் எச்சரிக்கைக்கு இது மாற்று ஆகாது, பிள்ளைகள் படிக்கும் பாடம்தான். ஆனால் நல்ல பாடம்.

இந்தப் பலகையிடம் நான் ஓர் அடி வாங்கியிருக்கிறேன். தூரத்தை அளக்கும் உணரி ஒன்று இருக்கிறது. வௌவாலைப் போல, நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிடும். அது 5 வோல்ட் சாமான். பலகையோ 3.3 வோல்ட். ஊனோவில் பழகிய கை அல்லவா, 'எல்லாம் ஒன்றுதானே' என்று நேராக மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கால் செத்துப்போயிற்று. இரண்டு மின்தடைகளை வைத்து 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைத்து அனுப்பியிருக்க வேண்டும். பத்து காசு பெறாத இரண்டு மின்தடைகளை வைக்காததால் ஒரு பலகை போயிற்று. படித்த எனக்கே இந்தக் கதி. ஆகவே பிள்ளைகள் ஒரு பலகையைக் கருக்கிவிட்டால் ஆசிரியர்கள் தயவுசெய்து திட்ட வேண்டாம். ஏன் கருகியது என்று எழுதி வாங்குங்கள். அது போதும்.

வேறு குறைகளும் உண்டு. வைஃபை பேசும்போது மின்சாரத்தை நிறையக் குடிக்கும். சின்ன பேட்டரி வெகுநேரம் தாங்காது. வேலை இல்லாத நேரத்தில் அதைத் தூங்க வைக்கும் கட்டளையைக் கற்றுக்கொள்ள வேண்டும். வைஃபை எட்டாத வெளிக்காட்டில் அதன் பெரிய பலத்தால் பயனில்லை. ஒரே பெயரில் பலவகை விற்பதால் கால்களின் வரிசையும் மாறும். தொடக்கப் பிள்ளைகளுக்கு இது தலைச்சுமை.

சரி, எது நல்லது?

பொருளாளர் அண்ணன் இப்போது, "நாலையும் நல்லதுன்னு சொல்லிட்டீங்க, நாலையும் குறை சொல்லிட்டீங்க, நான் எதம்மா வாங்க?" என்று கேட்பார். அண்ணே, பால் வெட்டுகிற கத்தியைக் கொண்டு செம்பனைக் குலை அறுப்பீர்களா? குலை அறுக்கிற அரிவாளைக் கொண்டு மரம் சீவுவீர்களா? உங்களுக்குத் தெரியாத நியாயமா! வேலையைப் பார்த்துத்தான் ஆயுதம். பலகையும் அப்படித்தான். முதலில் 'என்ன செய்யப் போகிறோம்' என்று பிள்ளைகள் ஒரு தாளில் எழுதட்டும். பிறகு பலகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

என் கருத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இதற்கு முன் எதுவும் செய்து பழகாத பிள்ளைக்கு மைக்ரோபிட். உடனே ஆடும், பாடும். ஆர்வம் பிடித்துக்கொள்ளும்.

2. கம்பி மாட்டி, உணரி சேர்த்து, உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய விரும்பும் பிள்ளைக்கு ஊனோ.

3. எழுத்து, படம், திரை, பைத்தான் மொழி என்று போகும் பிள்ளைக்கு பிக்கோ.

4. தூரத்திலிருக்கும் கைப்பேசிக்குச் செய்தி போக வேண்டுமென்றால் இ.எஸ்.பி. 32.

நம் கையில் இருக்கும் பணத்துக்கு ஆறு மைக்ரோபிட், நம் நாட்டில் செய்த ஊனோ வகையில் நான்கு, பிக்கோ இரண்டு, இ.எஸ்.பி. 32 ஒன்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பிள்ளைக்கு ஒரு பலகை. ஒருவர் கம்பி மாட்ட, ஒருவர் கட்டளை எழுத, ஒருவர் சரிபார்க்க, அடுத்த வாரம் வேலையை மாற்றிக்கொள்ளட்டும். எல்லாப் பணத்தையும் பலகையில் போட்டுவிடாதீர்கள். நாலில் ஒரு பங்கையாவது உணரி, கம்பி, மின்தடை, பேட்டரிக்கு ஒதுக்குங்கள். உளி வாங்கிவிட்டு மரம் வாங்கக் காசில்லாத தச்சனைப் போல் ஆகிவிடக் கூடாது.

அதற்கு முன்னால் ஒரு காசும் செலவழிக்காமல் தொடங்கவும் வழி இருக்கிறது. மைக்ரோபிட்டையும் ஊனோவையும் கம்ப்யூட்டர் திரையிலேயே பொம்மையாக ஓட்டிப் பார்க்கும் இலவச வசதி உண்டு. பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் ஒரு மாதம் அதில் பழகட்டும். எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கிறது என்று ஆசிரியருக்கும் தெரிந்துவிடும்.

சில எச்சரிக்கைகள். யு.எஸ்.பி. கம்பியில் சிலது சார்ஜ் மட்டும் ஏற்றும், கட்டளையைக் கொண்டுபோகாது. 'பலகை கெட்டுப்போச்சு' என்று பிள்ளைகள் அழுவதில் பாதி இந்தக் கம்பி செய்யும் வேலை. மோட்டாரை நேராகப் பலகைக் காலில் மாட்டக் கூடாது. ஊனோவின் ஒரு காலுக்கு 20 மில்லி ஆம்பியர்தான் அளவு, மோட்டார் அதைப் போல் பல மடங்கு கேட்கும். நடுவில் மோட்டாருக்கென்று விற்கும் சின்னப் பலகையை வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தைப் பிள்ளைகள் தொடவே கூடாது. பேட்டரியும் யு.எஸ்.பி. மின்சாரமும் போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நான் போன ஒரு பள்ளியில் இப்படிப்பட்ட பலகைகளைப் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "கெட்டுப்போனா யார் பதில் சொல்றது?" என்றார்கள். பூட்டி வைத்த பலகை கெடாதுதான். ஆனால் அதற்குள் பிள்ளை வளர்ந்து பள்ளியை விட்டே போய்விடுகிறதே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அலமாரிச் சுரைக்காயும் உதவாது. நம் பள்ளியில் அந்த அலமாரிச் சாவி பிள்ளைகளுக்குத் தெரிந்த இடத்தில் தொங்கட்டும்.

வீட்டில் பிள்ளை பழைய ரேடியோவைக் கழற்றினால் அடிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று மட்டும் பாருங்கள். "இது பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். இந்த நாட்டின் எலெக்ட்ரோனிக் தொழிலைத் தொடக்கத்தில் தாங்கிய கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். 'இந்தப் போர்டு எத்தனை வெள்ளி?' என்று பிள்ளையைக் கேட்பதை விட, 'இதை வெச்சு என்னாடா செஞ்ச, அப்பாவுக்குக் காட்டு' என்று கேளுங்கள். நாளெல்லாம் குலை அறுத்துவிட்டு வந்த அப்பா அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால், அந்தப் பிள்ளைக்கு அதுவே பெரிய பரிசு.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு மேசையில் ஓர் ஊனோ கிடந்தது. அம்மா வந்து உட்கார்ந்தார். அதிலிருந்த கறுப்புச் சில்லைக் காட்டி, அதே வகைச் சில்லைத் திறந்து பெரிதாக்கி எடுத்த படம் ஒன்றையும் கைப்பேசியில் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கம்பி... இதைத்தானே கண்ணு நாங்க வெச்சோம்" என்றார். பிறகு ஒரு விளக்கை மாட்டி, பொத்தானை அவர் கையில் கொடுத்தேன். அழுத்தினார். விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினார். அணைந்தது. இப்படியே ஏழெட்டு முறை செய்துவிட்டு, "இதுக்குத்தானா அது!" என்று சிரித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில் அது.

அன்புப் பிள்ளைகளே, உங்களுக்கு அந்தப் பதில் நாற்பது ஆண்டுகள் கழித்துக் கிடைக்க வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமைப் பிற்பகலே கிடைக்கட்டும். அடுத்த பரிசளிப்பு விழாவில் இந்த மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, நீங்கள் செய்த பொருள்களை வரிசையாக வையுங்கள். நான் வந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்க்கிறேன். என் அம்மாவையும் அழைத்து வருகிறேன்.